கஸ்பார் அண்ணனின் பனி ரயில்

அன்று காலையில் கோயில் மணி துக்கத்துக்கு அடிப்பதுபோல் விட்டு விட்டு அடித்தது. வேளாங்கண்ணிக்குப் பஸ் கேட்டு வந்த ஒரு கூட்டத்தோடு நான் கடையில் மல்லுக்கு நின்றுகொண்டிருந்தேன். ஏசி பஸ் வேண்டும், ஆனால் ஏசி பஸ்ஸுக்கு உரிய வாடகை வேண்டாம் என்பது அவர்கள் கட்சி. மணிச்சத்தம் கேட்டதும் வந்தவர்களில் ஒரு அம்மா நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு, "யாருன்னு தெரியலையே" என்றார். எனக்கும் தெரியவில்லை. விட்ட இடத்திலிருந்து பேச்சைத் தொடர்ந்தேன். அப்போதுதான் ஃபோன் வந்தது. கஸ்பார் அண்ணன் மனைவி ஜெசிந்தா அக்கா.

"புஷ்பம், அவிய போயிட்டாவ" என்றார். "காலைல காப்பி குடிச்சாவ. டம்ளரக் கீழ வச்சாவ. அம்புட்டுத்தான்."

கூட்டத்தை அனுப்பிவிட்டு ஷட்டரைப் பாதி இறக்கி, மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்து அழுதேன். நான் அழுகிற ஜாதி இல்லை. கடைக்கு வருகிறவர்களை அழவைக்கிறேன் என்றுதான் என்மேல் புகார்.

முப்பதாம் நாள் பூசைக்கு அண்ணனைப் பற்றி நாலு வார்த்தை பேசச் சொல்லி அவர் வீட்டில் கேட்டார்கள். எனக்குப் பேச வராது என்று சொன்னால் இந்தத் தெருவில் ஒருவரும் நம்பமாட்டார்கள். ஆனால் நிஜமாகவே வரவில்லை. அதனால் எழுதுகிறேன். கப்பலில் அவர் எப்படி, பங்குக் கோயிலில் அவர் எப்படி என்று சொல்ல உங்களில் பத்துப் பேர் இருக்கிறீர்கள். என் டிராவல்ஸ் கடையில் அவர் எப்படி இருந்தார் என்பதைச் சொல்ல நான் ஒருத்திதான் இருக்கிறேன்.

கஸ்பார் அண்ணனைப் பலருக்குப் போசன் கஸ்பார் என்றால்தான் தெரியும். போசன் என்றால் சரக்குக் கப்பலின் மேல்தளத்து மாலுமிகளுக்கெல்லாம் மேஸ்திரி. கயிறு, நங்கூரம், பெயிண்ட், திட்டு எல்லாம் அவர் பொறுப்பு. ஓய்வு பெற்று வந்தபிறகு திட்டுவதற்கு ஆள் இல்லாமல் என் கடைக்கு வர ஆரம்பித்தார் என்று நினைக்கிறேன். காலையில் பழைய துறைமுகம் வரைக்கும் நடந்துவிட்டுத் திரும்பும்போது ஏறுவார். என் காசில் வாங்கிய பேப்பரை எனக்கு முன்னால் படிப்பார். நான் ஏதாவது சொன்னால், "சாத்தான்குளத்துக்காரி, தேரிச் செம்மண்ணுல பொறந்தவ, உனக்குக் கடலப் பத்தி என்னளா தெரியும்" என்பார். கடலைப் பற்றி நான் ஒன்றும் சொல்லியிருக்கமாட்டேன். மின்வெட்டைப் பற்றிச் சொல்லியிருப்பேன்.

மூன்று வருஷத்துக்கு முந்தி, பனிமய மாதா திருவிழா முடிந்து பந்தல் பிரித்துக்கொண்டிருந்த வாரம், ஒருநாள் பேப்பரைத் தொடாமல் நேரே என் முன்னால் வந்து உட்கார்ந்தார்.

"ஏளா புஷ்பம், வெளிநாட்டுக்கு ரெண்டு டிக்கெட் போடணும்."

"லூர்தா, ரோமா, ஜெருசலேமா?" என்று கேட்டேன். என் கடையில் வெளிநாடு என்றால் அந்த மூன்றுதான்.

"கோயிலெல்லாம் வேண்டாம். பனி வேணும்."

வெயில் தாங்காமல் அண்ணனுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்து மோர் வாங்கிவரச் சொன்னேன். மோரைக் குடித்துவிட்டுத்தான் விஷயத்தைச் சொன்னார்.

அவர் சின்ன வயதில் ஒரு கப்பலில் பிஸ்கே வளைகுடாப் பக்கம் பெரிய புயலில் மாட்டியிருக்கிறார். கப்பலைப் பற்றித் தகவலே இல்லை. அக்காவுக்கு அப்போதுதான் கல்யாணமாகி வயிற்றில் பிள்ளை. கப்பல் ஏஜென்ட் ஆபீசுக்கும் கோயிலுக்குமாக நடந்திருக்கிறார். மெழுகுவர்த்தி, மாலை, முடி என்று ஊரே நேர்ந்துகொள்கிறது, இதெல்லாம் மாதாவுக்கு நிறைய வந்திருக்கும் என்று அந்த வயதுக்கு அவருக்குத் தோன்றியிருக்கிறது. "அவிய உயிரோட வந்தா உன் பனியத் தொட்டு என் நெத்தியில வச்சுக்கிடுதேன்" என்று நேர்ந்துவிட்டார். பனி எங்கே இருக்கிறது, அதற்கு யார் கூட்டிப்போவது என்பதெல்லாம் அப்போது யோசிக்கவில்லை. மனுஷன் உயிரோடு வந்துவிட்டார். அதன்பிறகு அக்கா யோசித்துப் பார்த்து, வெளியே சொல்ல வெட்கப்பட்டு, அத்தனை வருஷமும் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கிறார்.

அந்த வருஷத் திருவிழாவில்தான் அது வெளியே வந்தது. ரோமாபுரியில் ஆகஸ்டு வெயிலில் மாதா பனி பெய்யவைத்த கதையைச் சாமியார் பிரசங்கத்தில் சொல்லும்போது அக்கா தேம்பி அழுதுவிட்டார். அண்ணன் பதறிப்போய் என்னவென்று கேட்க, அந்தக் கூட்டத்துக்குள்ளேயே சொல்லிவிட்டார்.

"இதுக்கு எதுக்கு அண்ணன் வெளிநாடு?" என்றேன். "மீன்பிடித் துறைமுகத்துல ஐஸ் கம்பெனி இல்லையா? நான் ஒரு பாறை வாங்கித் தாரேன்."

"நானும் அதத்தான் சொன்னேன். அது மீனுக்குப் போடுத ஐஸாம். மாதா பனி இல்லையாம்."

"சாமியார்கிட்டக் கேட்டா நேர்ச்சைய மாத்திக் குடுப்பாவன்னு சொல்லுவாங்களே?"

"அதுவும் கேட்டாச்சு. அவரு மாத்திக்கிடலாம்னுட்டாரு. இவ மாத்த மாட்டேங்கா. சொன்னது சொன்னதுதானாம்."

அந்தப் பதிலில் அண்ணனுக்கு எரிச்சலும் இருந்தது, பெருமையும் இருந்தது. என் உயிருக்காக ஒருத்தி நேர்ந்துகொண்டது, அதை நான்தானே தீர்த்துவைக்க வேண்டும் என்று அன்று அவர் சொன்னபோது நான் தலையாட்டினேன். எத்தனையோ பேரின் நேர்ச்சைக்கு டிக்கெட் போட்டிருக்கிறேன். இது இன்னொன்று என்றுதான் நினைத்தேன்.

காஷ்மீர் பக்கம், செலவும் கம்மி என்று சொல்லிப்பார்த்தேன். அக்காவின் முழங்காலை மறந்துவிட்டாயா என்று கேட்டார். கோயில் படி ஏறவே கைப்பிடியைப் பிடித்து நின்று நின்று ஏறுகிறவர். காஷ்மீரில் பனிக்குப் போகக் குதிரை ஏறவேண்டும். குதிரைமேல் ஜெசிந்தா அக்காவை நினைத்துப்பார்த்ததும் காஷ்மீர்ப் புத்தகத்தை மூடி வைத்தேன்.

அவர் மனதில் வேறு இடம் இருந்தது. இத்தாலியில் ஜெனோவா துறைமுகத்துக்குப் பல தடவை போயிருக்கிறார். குளிர்காலத்தில் வானம் தெளிவாக இருந்தால், நடுக்கடலில் வரும்போதே ஊருக்கு வெகுதூரம் பின்னால் சுண்ணாம்பு அடித்த மதில்மாதிரி மலை தெரியுமாம். "அத்தன நாடு போயிருக்கேன்ளா. எல்லா நாட்டுலயும் நான் பாத்தது கிரேனும் கிடங்கும்தான். அந்த மதிலுக்குப் பொறத்தால என்ன இருக்குன்னு ஒரு நாளும் பாக்கல." அந்த மலைக்குள் ரயில் போகிறது என்பதை யாரோ எடுத்த வீடியோவில் கண்டுபிடித்திருந்தார். ஒரு படிகூட ஏறாமல், உட்கார்ந்த இடத்திலேயே பனிக்குக் கூட்டிப்போகிற ரயில்.

திட்டம் போட ஆரம்பித்தோம். அதை ஒரு சுற்றுலாவுக்குத் திட்டம் போட்டதாகச் சொல்ல முடியாது, ஒரு கப்பலைக் கரைக்குக் கொண்டுவருகிற வேலை மாதிரி இருந்தது. "நடுக்கடல்ல கப்பல் முட்டாது. கரையிலதான் முட்டும்" என்பார். அதனால் ரயில் போகிற வழியைப் பற்றி அவர் கேட்கவே மாட்டார். இறங்குகிற இடம் மட்டும்தான் கேள்வி. வண்டிப் படிக்கும் பிளாட்பாரத்துக்கும் நடுவில் எவ்வளவு இடைவெளி? எந்தப் பக்கத்துக் கதவு திறக்கும்? உட்கார பெஞ்சு உண்டா? கக்கூஸ் எங்கே? ஆல்ப்ஸ் மலையைப் பற்றி என்னிடம் இருந்த பளபளப்புப் புத்தகத்தில் இதில் ஒன்றுக்கும் பதில் இல்லை. அண்ணன் வீடியோவை நிறுத்தி நிறுத்தி, யாரோ ஒரு வெள்ளைக்காரப் பாட்டி வண்டியிலிருந்து இறங்குவதை எனக்கு எத்தனை தடவை காட்டினார் என்று கணக்கில்லை. "பாத்தியா, ஒரே எட்டு. அக்காவுக்குச் சரியா வரும்."

எனக்கு ஆசை கண்ணாடிக்கூரை வண்டி. கூரைவரைக்கும் ஜன்னல், உட்கார்ந்த இடத்துக்குச் சாப்பாடு, பார்க்கவே அப்படி இருக்கும். என் கடைச் சுவரில் மாட்ட அதில் அவர்கள் உட்கார்ந்திருக்கிற ஒரு படம் கிடைத்தால் எனக்கும் நல்லது. அண்ணன் முடியவே முடியாது என்றுவிட்டார்.

"அதுல ஜன்னல் தொறக்காது. நடுவுல எறங்குனா அந்த வண்டியில மறுபடி ஏற முடியாது. நமக்கு எதுக்கு மீன் தொட்டி? அதே தண்டவாளத்துல பாசஞ்சர் வண்டி போவுது. எறங்குனோமா, பனியத் தொட்டோமா, அடுத்த வண்டியப் பிடிச்சோமா, முடிஞ்சுது."

சுவிட்சர்லாந்தில் சூரிக்கில் விமானம் இறங்குவது, அங்கிருந்து கூர் என்ற ஊர், அங்கிருந்து மலை ஏறுகிற சிவப்பு வண்டி, பெர்னினா கணவாயின் உச்சியில் ஏரிக்கரையில் இருக்கிற சின்ன ஸ்டேஷன், அதன்பின் கீழே இத்தாலி எல்லைக்குள் இறங்கித் திரானோ, அப்புறம் மிலான் வழியாக வீடு. வழி இதுதான் என்று முடிவானது.

ஆனால் அக்கா வருவதாக இல்லை. அவர் என் கடைக்கே வரவில்லை. நான் வீட்டுக்குப் போய்ப் பேசினேன். ஜெசிந்தா அக்கா மீன் கழுவிக்கொண்டே, "கல்யாணமான நாள்லருந்து அவிய பெட்டிய அடுக்கிக் குடுத்துருக்கேன், புஷ்பம். என் துணிய வைக்கப் பெட்டி எதுன்னு கூட எனக்குத் தெரியாது" என்றார். சுற்றிப் பார்க்க வெளிநாடு போவது வீண் பகட்டு என்பது அவர் எண்ணம். நேர்ச்சை இருக்கிறதே என்றால், மாதாவுக்கு என் முழங்கால் வலி தெரியும், மன்னித்துக்கொள்வாள் என்றார். அண்ணனிடம் மட்டும் மாற்ற மாட்டேன் என்று சொல்லியிருக்கிறார், பாருங்கள்.

அண்ணனுக்குக் கைகொடுத்தது திரானோ. அந்த ரயில் போய்ச் சேர்கிற ஊரில் மாதா காட்சி கொடுத்த இடத்தில் ஒரு பழைய கோயில் இருக்கிறது. தண்டவாளம் அந்தக் கோயில் முற்றத்தின் ஓரமாகவே போகிறது. அண்ணன் அந்த வீடியோவைக் கொண்டுபோய் ஒன்றும் சொல்லாமல் அக்காவின் முன்னால் பிடித்திருக்கிறார். சிவப்பு ரயில் கோயில் வாசலை உரசுகிற மாதிரி மெதுவாக வளைந்து போவதைப் பார்த்துவிட்டு அக்கா, "இந்த மாதாவுக்கு என்ன பேரு?" என்று கேட்டாராம். அன்று சாயங்காலம் அண்ணன் என் கடைக்கு மக்ரூன் இனிப்புப் பொட்டலத்தோடு வந்தார். கோயில் வேண்டாம் என்று சொன்ன மனுஷன்.

இனி வருகிற தவறை இந்த ஊர்க்காரர்களைத் தவிர வேறு யாரும் செய்திருக்க முடியாது. எப்போது போவது என்பதில் அண்ணனுக்குச் சந்தேகமே வரவில்லை. அடுத்த வருஷம் ஆகஸ்டு ஐந்து. பனிமய மாதா திருநாள் அன்று காலையில் கணவாயின் உச்சியில் இறங்கிப் பனியைத் தொடவேண்டும். துபாயில் இருப்பவனும் கனடாவில் இருப்பவனும் திருவிழாவுக்கு ஊருக்கு வருகிறான், நாம் ஊரைவிட்டுப் போவதா என்று அக்கா சண்டை போட்டார். "மாதா பனிய ஆகஸ்டு மாசத்துலதான் தந்தா. அதுக்கு மேல உனக்கு என்ன வேணும்?" என்று கேட்டு அண்ணன் வாயை அடைத்துவிட்டார். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. சாத்தான்குளத்தில் நாங்கள் அறிந்த பருவம் இரண்டுதான், வெயில், அதைவிட வெயில். பனிமலை என்றால் வருஷம் முழுக்கப் பனி இருக்கும் என்றுதான் நானும் நினைத்தேன்.

அந்த ஆகஸ்டில் அவர்கள் போக முடியவில்லை. கோடையிலேயே அண்ணனுக்கு நெஞ்சுவலி வந்து ஸ்டென்ட் வைத்தார்கள். டிக்கெட்டையெல்லாம் ரத்து செய்தேன். திருநாள் பூசைக்குப் போய்விட்டு, மெலிந்த உடம்பில் தொளதொளவென்று வெள்ளைச் சட்டையோடு என் கடைக்கு வந்தார். போக முடியாவிட்டாலும் கண்ணால் பார்த்துவிடுவோம் என்று, அந்த ஸ்டேஷனில் வைத்திருக்கிற நேரலைக் கேமராவை ஃபோனில் திறந்தார். அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"என்ன அண்ணன்?"

"மாடு மேயுதுளா."

வாங்கிப் பார்த்தேன். பச்சைப் புல். கழுத்தில் மணி கட்டின மாடுகள். அரைக்கால்சட்டை போட்ட ஒரு குடும்பம் பெஞ்சில் உட்கார்ந்து ரொட்டி தின்றுகொண்டிருந்தது. எங்கோ எட்டாத உயரத்தில், மலைகளின் தலையில் மட்டும் பனி. நெஞ்சுவலி மட்டும் வராவிட்டால் நேர்ச்சையைக் கட்டிக்கொண்டு அத்தனை தூரம் போய்ப் புல்லைத் தொட்டுவிட்டு வந்திருப்பார்கள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தேன், முடியவில்லை. அண்ணன் என்னை முறைத்தார். அப்புறம் அவரும் சிரித்தார், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, சிரிக்கக்கூடாது என்று டாக்டர் சொன்னதாகத் திட்டிக்கொண்டே சிரித்தார்.

அடுத்த மே மாதம் என்று முடிவு செய்தோம். மே மாதத் தொடக்கத்தில் அந்த உயரத்தில் ஏரி இன்னும் உறைந்துதான் கிடக்கும், ஆனால் பிளாட்பாரத்தைச் சுத்தமாக வழித்து வைத்திருப்பார்கள், வழுக்காது. அண்ணன் அன்றாடம் அந்தக் கேமராவைப் பார்த்து என்னிடம் தகவல் சொல்வார். இங்கே உப்பளத்துக்காரர்கள் மழையைப் பற்றிப் பேசுகிற மாதிரி அவர் பனியைப் பற்றிப் பேசினார்.

டிக்கெட் போடவேண்டிய நேரம் வந்தபோது நான் மறுத்துவிட்டேன். ஸ்டென்ட் வைத்த ஆளை மலை உச்சிக்கு அனுப்பிவிட்டு, அங்கே ஏதாவது ஆனால் ஜெசிந்தா அக்காவின் முகத்தில் நான் எப்படி முழிப்பது?

"டாக்டர் எழுதிக் குடுக்காம டிக்கெட் போடமாட்டேன்."

"நீ போடலைன்னா மதுரைல போய்ப் போடுவேன்."

"தாராளமாப் போங்க. பேப்பரையும் இனி அங்கன போய்ப் படிங்க."

வழக்கமாக இதற்குச் சிரிப்பார். அன்று சிரிக்கவில்லை. எழுந்தவர் மறுபடியும் உட்கார்ந்தார். கடையில் வேறு யாரும் இல்லை.

"புஷ்பம், அன்னைக்குப் புயல்ல நானும் ஒண்ணு நேர்ந்தேன்" என்றார்.

கப்பல் சாய்ந்து, இனி நிமிராது என்று ஆன நேரத்தில், ஒரு கம்பியைப் பிடித்துக்கொண்டு சத்தம்போட்டு மாதாவிடம் சொல்லியிருக்கிறார். என்னை வீடு சேர்த்துவிடு, இனிக் கடலுக்கு வரமாட்டேன், அவளோடேயே இருப்பேன் என்று. பக்கத்தில் ஒரு மணப்பாட்டுக்காரர் மட்டும் இருந்தாராம். "ஊருக்கு வந்தேன். பிள்ள பொறந்துச்சு. ஒரு வருசம் இருந்தேன். கையில ஒரு வேல தெரியாது. பெறகு கம்பெனிலருந்து ஆள் வந்தாவ. பெட்டிய அடுக்கிக் குடுன்னு இவகிட்டச் சொன்னேன். அடுக்கிக் குடுத்தா. அப்பறம் ஓய்வு வாங்குத வரைக்கும் அதே கததான்."

எழுந்து போய்க் கடைக் கதவைச் சாத்திவிட்டு வந்தேன்.

"என் நேர்ச்சைய இனித் தீக்க முடியாது. கடல்ல போன வருசத்த எங்கன போய் எடுக்க? இவளதயாவது தீத்துரணும்ளா. ரெண்டையும் பாக்கி வச்சிட்டு நான் போவக்கூடாது. இவளுக்கு என்னதப் பத்தித் தெரியாது. நீயும் சொல்லக்கூடாது."

அப்போதுதான் ஒரு பயணத்துக்கு இந்த மனுஷன் ஏன் இப்படி அலைகிறார் என்று எனக்குப் புரிந்தது. அடுத்த நாள் நானே அவரை டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். டாக்டர் கணவாயின் உயரத்தைக் கேட்டுவிட்டு, "ஏறக்குறையக் கொடைக்கானல்தான். ரயில்ல உக்காந்து போறதுக்கு என்ன? பெட்டியத் தூக்காதீங்க, ஓடாதீங்க" என்றார். எனக்கு அதுவும் போதவில்லை. முதலில் இருவரையும் கொடைக்கானலுக்கு அனுப்பி, ஒத்திகை பார்த்துவிட்டுத்தான் டிக்கெட் போட்டேன். "இந்தக் கப்பலுக்குக் கேப்டன் யாரு, நானா நீயா?" என்று அண்ணன் அங்கிருந்து ஃபோனில் சத்தம் போட்டார்.

போனார்கள். அக்காவுக்கென்று புதுப்பெட்டி வாங்கி அண்ணனே அடுக்கினார். கம்பளிச் சட்டைக்குமேல் சேலையைச் சுற்றி, தலையில் குல்லாவோடு அக்கா சிவப்பு ரயிலின் ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருக்கிற படத்தை அனுப்பினார்கள். ஜன்னல் பாதி திறந்திருந்தது. கண்ணாடிக்கூரை இல்லாவிட்டாலும் அந்தப் படத்தைத்தான் என் கடைச் சுவரில் மாட்டியிருக்கிறேன்.

திரும்பி வந்த மறுநாள் காலையில் அண்ணன் கடைக்கு வந்தார். சாக்லேட்டை மேஜைமேல் வைத்தார். முகம் சரியில்லை.

"பனியத் தொட்டீங்களா இல்லையா?"

"தொட்டோம்."

"பெறகு என்ன?"

எல்லாம் அவர் போட்ட திட்டப்படிதான் நடந்திருக்கிறது. ஒரே எட்டில் அக்கா இறங்கினார். பிளாட்பாரத்தின் ஓரத்தில் இடுப்பளவுக்குப் பனியை ஒதுக்கி வைத்திருந்தார்கள். அண்ணன் இரண்டு கையாலும் பனியை அள்ளி அக்காவிடம் நீட்டினார். அக்கா மாதாவே என்று சொல்லி ஒரு கை எடுத்தார். எடுத்து, அண்ணனின் குல்லாவை மேலே தள்ளி, அவர் நெற்றியில் வைத்து அழுத்திவிட்டார். உனக்குத்தானே நேர்ச்சை என்று கேட்டதற்கு, "கை வச்சது வச்சதுதான், வண்டி வருது பாருங்க" என்றாராம். அண்ணன் மறுபடி அள்ளிக் கொடுக்கப் பார்த்திருக்கிறார். அக்கா கையை உதறிவிட்டு, கைப்பையிலிருந்து செபமாலையை எடுத்துக்கொண்டு போய்ப் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

"அவ நெத்தியில வைக்கேன்னுல்லா நேர்ந்தா. என் நெத்தியில வச்சா அது செல்லுமா செல்லாதாளா?"

"சாமியார்கிட்டக் கேளுங்க."

"கேட்டா செல்லும்னுதான் சொல்லுவாரு. அவருக்கு ஆயிரம் சோலி."

மறுபடியும் போகவேண்டும் என்று அன்றே முடிவு செய்துவிட்டார். இந்தத் தடவை திட்டத்தில் ஒரே ஒரு மாற்றம். "நான் தள்ளி நிப்பேன். கிட்ட நின்னாத்தான் என் நெத்தி மாட்டுது." இதை அவர் விளையாட்டாகச் சொல்லவில்லை.

அந்த ஒரு வருஷம்தான் எனக்கு மிகவும் பிடித்த காலம். முதல் திட்டத்துக்கு என் கடைப்பக்கம் எட்டிப் பார்க்காத அக்கா, இரண்டாவது திட்டத்துக்கு அண்ணனோடு கூடவே வந்தார். சாயங்காலப் பூசை முடிந்து இருவரும் வருவார்கள். இரண்டு நாற்காலியையும் பக்கத்தில் பக்கத்தில் இழுத்துப்போட்டு என் கம்ப்யூட்டரைப் பார்ப்பார்கள். "அந்தக் கூர்ங்குத ஊருல ஒருநாள் கூட இருந்தா என்ன?" என்பார் அக்கா. "திரானோல பூசை எத்தன மணிக்குன்னு பாருளா" என்பார். நேர்ச்சைக்குப் போகிற அவசரம் அவரிடம் துளிகூட இல்லை. திட்டம் நீண்டுகொண்டே போனது. ஒரு தடவை அண்ணன் ஜெனோவாவையும் அதில் சேர்த்தார், தான் கப்பலில் நின்று மலையைப் பார்த்த இடத்தை அக்காவுக்குக் காட்டவேண்டுமாம். காப்பி குடித்த அந்தக் காலைக்கு முந்தின நாள்கூட வந்து, இறங்குகிற ஸ்டேஷனில் எங்கே நிற்கப்போகிறார் என்பதை எனக்குப் படம் போட்டுக் காட்டிவிட்டுத்தான் போனார்.

ஏழாம் நாள் பூசைக்குப் பிறகு நான் அக்காவோடு கொஞ்ச நேரம் தனியாக இருந்தேன். கேட்கவேண்டும் என்று நினைத்துப் போகவில்லை. வாய் சும்மா இருக்கவில்லை.

"அன்னைக்கு ஏன் அண்ணன் நெத்தியில வச்சீங்க, அக்கா?"

அக்கா செபமாலையை உருட்டுவதை நிறுத்தினார்.

"அவிய நேர்ச்ச ஒண்ணு பாக்கி கெடந்துச்சுல்லா" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அக்கா என் முகத்தைப் பார்க்காமல் சொல்லிக்கொண்டே போனார்.

"கூட இருந்த மணப்பாட்டுக்காரர் அந்த வருசமே வீட்டுக்கு வந்து சொல்லிட்டாவ. உன் மாப்பிள்ள இனிக் கப்பலுக்குப் போவ மாட்டாவன்னு சந்தோசமாச் சொன்னாவ. பெறகு அவிய பெட்டிய அடுக்கச் சொன்னப்ப எனக்கு எப்படி இருந்திருக்கும்? அழுதேன். கோவப்பட்டேன். மாதாகிட்டயே சண்ட போட்டேன். ஆனா அவியகிட்டக் கேக்கல. கேட்டா, அதையும் சொமந்துக்கிட்டுல்லா கடல்ல நிக்கணும் அந்த மனுசன். அங்கன அந்தப் பனியக் கையில எடுத்ததும் எனக்கு என்னமோ ஆயிட்டு. போதும், இவர விட்டுருன்னு மாதாகிட்டச் சொல்லி அவிய நெத்தியில வச்சேன். என்னதும் அதுலயே தீந்துட்டு."

"அவியகிட்ட இதச் சொல்லியிருக்கலாம்லா, அக்கா? கடைசி வரைக்கும் உங்க நேர்ச்ச செல்லலன்னே நெனச்சிக்கிட்டு இருந்தாவளே."

அக்கா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

"சொல்லியிருந்தா அடுத்த தடவ கூட்டிட்டுப் போவ மாட்டாவல்லா" என்றார்.

கஸ்பார் அண்ணனை நினைத்து நான் வைத்துக்கொள்வது இதைத்தான். கல்யாணமான நாளிலிருந்து "எப்ப வருவாவ" என்று மட்டுமே கேட்கத் தெரிந்த அக்கா, போன ஒரு வருஷமாக என் மேஜைக்கு எதிரில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, "எப்பப் போறோம்" என்று கேட்டுக்கொண்டிருந்தார். அண்ணன் சிரித்துக்கொண்டே காலண்டரைத் திருப்புவார். இரண்டு நேர்ச்சையில் ஒன்றையும் தான் தீர்க்கவில்லை என்று அவர் நினைத்துக்கொண்டிருந்த வருஷம் அது.